மாத்து

நவம்பர் 17, திங்கள்

இந்த நோட்டு ஜெனிட்டாவுக்காக. அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க செவ்வாயும் வெள்ளியும் வருகிற பெண். என்ன சத்தம் போட்டாலும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள்: எப்போது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, எல்லாம். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்தியவள் நான். இதையும் பார்த்துவிடலாம்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் தண்டபாணி. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்து அனுப்புகிற வேலை பார்த்தவர். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்வார். ஆடி மாதம் மூளையில் ரத்தம் அடைத்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின.

மற்றவர்கள் பேசுவது புரிகிறதா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் பேனாவைக் காட்டி இது பேனாவா என்றார், தலையாட்டினார். இது யானையா என்றார், அதற்கும் தலையாட்டினார். புரிதல் இருந்தால் வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாம், இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்தான் உங்களுக்கும் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புனேயில் இருக்கும் என் மகன் நவநீதன் பொள்ளாச்சி ரோட்டில் ஓர் இல்லத்தில் படுக்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். டிசம்பர் 8 வரை காத்திருப்பார்களாம்.

இன்று சொன்னது: காலை "ஆ". மதியம் "ஆ".

நவம்பர் 18, செவ்வாய்

ஜெனிட்டா பாட்டும் பயிற்சியும் கொண்ட பென் டிரைவ் கொடுத்தாள். திங்கள், செவ்வாய், புதன் என்று அவளே ராகம் போட்டுச் சொல்வது, கூடவே அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகள். காலையில் பத்து முதல் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து முதல் ஆறு. பேச்சு போனாலும் பாட்டு சில பேருக்குத் தங்குமாம்.

நவநீதன் விட்டுப்போன லேப்டாப்பில் போட்டேன். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னது: ஒன்றுமில்லை.

நவம்பர் 19, புதன்

ஹாலில் அவருடைய செட் இருக்கிறது. ஒரு ஆம்ப்ளிஃபையர், என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். இருபத்தாறு வருடமாக எனக்கு அதில் இருந்த ஒரே உரிமை மேலாகத் துடைப்பது. திருகைத் தொட்டால் "சாரதாமணி, கை" என்பார். பள்ளிக்கூடத்தில் நான் சொல்கிற வார்த்தையை வீட்டில் எனக்கே சொல்வார். எதிரே நடுவில் அவருடைய பிரம்பு நாற்காலி. அது ஒரு விரல்கடை நகரக்கூடாது என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருந்தார். இரண்டு பக்கத்துச் சத்தமும் அந்த இடத்தில்தான் சேருமாம். எனக்கு சமையலறை வாசலோர ஸ்டூல்தான். குக்கர் பார்க்க அதுதான் வசதி.

இப்போது நாற்காலி மாடியில். மஞ்சள் டேப்பின் மேல் அவருடைய சக்கர நாற்காலியை நிறுத்துகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டில் போட வேண்டி ஸ்பீக்கர்களைப் பிரித்துத் தள்ளி வைத்தோம். ஆயுத பூஜைக்கு நானே துடைத்து, வயரைத் திரும்ப மாட்டி, பொட்டு வைத்தேன். வயர் முனைகளில் போன பூஜைக்குக் கட்டிய சிவப்பு நூல் கறுத்துப்போய்க் கிடந்தது. அறுத்துப் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் தலையில் புதுக் கயிறு சுற்றினேன். அதற்குப் பிறகு யாரும் அதைப் போடவில்லை.

லேப்டாப்பை இதில் மாட்டினால் என்ன என்று நினைத்தேன். அவர் கேட்டுப் பழகிய சத்தத்திலாவது கேட்கட்டும்.

சொன்னது: நான் செட்டின் பக்கம் போனதும் "ஆ, ஆ". இது எனக்குப் புரிந்தது.

நவம்பர் 20, வியாழன்

காந்திபுரத்தில் வயர் வாங்கினேன். ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு. கடைக்காரர் "பின்னாடி சொருகுனா பாடுமுங்க, அவ்வளவுதான்" என்றார். செட்டின் பின்னால் பார்த்தால் அதே மாதிரி பத்து ஓட்டை. ஒன்றில் சொருகினேன். பாட்டு வரவில்லை, துணி கிழிகிற சத்தம் வந்தது. அவர் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

நவநீதன் வீடியோவில் பார்த்துச் சொன்னான், நான் சொருகியது ரெக்கார்டு பிளேயருக்கானதாம். ஆக்ஸ் என்று எழுதியிருப்பதில் மாட்டினேன். பாடியது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். மாவு அரைக்கும் சத்தம்.

மூன்று முறை குனிந்து எழுந்ததில் இடுப்பு போய்விட்டது. நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 21, வெள்ளி

உறுமலுக்குக் காரணம் லேப்டாப் சார்ஜர். பிடுங்கியதும் நின்றுவிட்டது. சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, பாடும்போது பிடுங்கிவிட வேண்டும். இதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு நானே ஒரு காப்பி போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு முதல் பாட்டு. பல்லவி முடிவதற்குள் அவர் வாயைக் கோணி, தொண்டையை இழுத்து, தெளிவாகச் சொன்னார்.

"மாத்து."

நான்கு மாதத்தில் முதல் வார்த்தை. ஜெனிட்டா கை தட்டினாள். நான் அழுதேன், எழுதுவதில் வெட்கம் இல்லை. பாட்டை மாற்றினேன். "மாத்து." அதையும் மாற்றினேன். "மாத்து." பன்னிரண்டு மணிக்குள் பென் டிரைவில் இருந்த அத்தனை பாட்டும் மாறி முடிந்தது.

சொன்னது: மாத்து, பதினொரு முறை.

நவம்பர் 22, சனி

மாத்து, ஒன்பது முறை. பாட்டை மாற்றினேன். சட்டையை மாற்றினேன். மெத்தை விரிப்பை மாற்றினேன். மூத்திரப் பை மாற்ற வேண்டுமா என்று பார்த்தேன், வேண்டியதில்லை, ஆனாலும் மாற்றினேன்.

நவம்பர் 24, திங்கள்

மாத்து, பதினான்கு. மின்விசிறியின் வேகம், ஜன்னல் திரை, தலையணை உயரம், சாமி படத்தின் இடம். சாப்பாட்டைக்கூட மாற்றிப் பார்த்தேன், சாதத்துக்குப் பதில் உப்புமா. உப்புமாவை ஒழுங்காகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி "மாத்து".

ஒருவேளை சத்தம்தான் சரியில்லையோ என்று நவநீதனிடம் கேட்டேன். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டை எப்போதுமே மட்டம்தான் என்று ஒரு சின்னப் பெட்டி அனுப்புகிறானாம். அதை லேப்டாப்புக்கும் செட்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். அதற்குள் லேப்டாப்பின் சத்தத்தை முழுசாக வைத்து, கூட்டுவதையும் குறைப்பதையும் செட்டின் திருகில் மட்டும் செய்யச் சொன்னான். செய்தேன். இரைச்சல் குறைந்தது. "மாத்து" குறையவில்லை.

நவம்பர் 26, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் இல்லை. வந்தபோது மணி ஆறரை. இன்று முழுக்க வாயே திறக்கவில்லை. நல்லது. எனக்கும் ஒருநாள் லீவு.

உடுமலைப்பேட்டையிலிருந்து ருக்மணி அக்கா போனில் வந்தாள். நாற்பது நிமிடம் பேசினோம். ஏதேதோ பேசினேன். அவர் பக்கத்தில்தான் இருந்தார். இருந்தால் என்ன.

நவம்பர் 28, வெள்ளி

நவநீதன் அனுப்பிய பெட்டி வந்தது. தீப்பெட்டி அளவுதான். லேப்டாப்பில் சத்தத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் எல்லா டிக்கையும் எடுத்துவிடச் சொன்னான், எடுத்தேன். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. ஜால்ரா ஜால்ராவாகக் கேட்டது. சார்ஜர் மாட்டினாலும் உறுமல் இல்லை.

ஆனால் குரலுக்குத்தான் இடமே இல்லை. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டிலா, மாடியிலா, என் முதுகுக்குப் பின்னாலா. மிருதங்கம் அட்டைப் பெட்டி மாதிரி இருக்கிறது. எனக்கென்ன தெரியும், நான் ஸ்டூலில் உட்கார்ந்து குக்கர் விசிலோடு பாட்டுக் கேட்டவள். வயதாகிறது, காதாகவும் இருக்கலாம்.

மாத்து, பன்னிரண்டு. அதில் நான்கு, என் முகத்தைப் பார்த்து. முழுசாக மாற்றுவதென்றால் என்னைத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

குளிக்க வைக்கும்போது வழுக்கினார். பிடித்துவிட்டேன். இடது தோளில் ஏதோ பிசகிவிட்டது.

மாத்து, பத்து.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் ஐந்து விளக்குதான் வைத்தேன். தோள் தூக்க முடியவில்லை.

இல்லத்திலிருந்து பட்டியல் வந்தது. சட்டை ஆறு, லுங்கி ஆறு, தட்டு, டம்ளர், எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும். ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு எழுதுவது போல் மார்க்கரில் தண்டபாணி, தண்டபாணி என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாத்து, எட்டு.

டிசம்பர் 5, வெள்ளி

ஜெனிட்டாவின் கடைசி நாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண், அதனால் எனக்குப் பிடிக்கும். அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு சொன்னாள். சில பேருக்கு ஒரே வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொள்ளுமாம். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். அதற்கு அர்த்தம் தேடினால் நாம்தான் களைத்துப்போவோம்.

"நீங்க எதையும் கவனிக்காம விடலீங்கம்மா. அந்த வார்த்தைக்குள்ள ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம், அவ்வளவுதான்."

நான் ரசத்தை இறக்கி வைத்தேன். சரிதான் என்றேன். நிஜத்தைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் இல்லையென்றால் நான் அவரை எங்கே அனுப்பினாலும் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 6, சனி

இல்லத்துக்குக் கொடுக்க இந்த நோட்டைச் சுருக்கி ஒரு அட்டவணை போட உட்கார்ந்தேன். தேதி, நேரம், எத்தனை முறை. கோடு போட்டு நிரப்பிக்கொண்டே வந்தவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டேன்.

நேரம் என்ற பத்தியில் பத்தும் பதினொன்றும் ஐந்தும் ஐந்தரையும் தவிர வேறு எதுவுமே இல்லை. குளிக்கும்போது இல்லை, சாப்பிடும்போது இல்லை. மின்சாரம் இல்லாத அன்று பூஜ்யம். வழுக்கி விழப் போனபோதுகூட "ஆ" என்றுதான் கத்தினார். பதினைந்து நாள் கண்ணெதிரே கிடந்த கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைத் தவறவிட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

செட்டைப் போட்டேன். "மாத்து." நிறுத்தினேன், ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் விட்டுப் போட்டேன். "மாத்து." நிறுத்தினேன்.

சக்கர நாற்காலியைத் தள்ளி செட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். பிடித்து இழுத்துவிடுவார் என்று பயந்து அத்தனை நாளும் அங்கே கொண்டு போனதே இல்லை. அவர் இடது ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தார். பின்னால் இடது கையை விட்டுத் துழாவினார். வயரின் முனையைப் பிடித்து, நிமிர்ந்து, என்னைப் பார்த்தார்.

"மாத்து."

ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்; அதில் மாட்டுகிற இரண்டு வயரும் ஒரே நிறம். சிவப்பு கிளிப்புக்கு எது, கறுப்புக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வார் மனிதர்? அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிவப்பு நூல். பூஜைக்குக் கட்டிய நூல் இல்லை அது. அடையாளத்துக்குக் கட்டியது. பழைய பூஜைக் கயிறு என்று நினைத்து நான் அறுத்துப் போட்டு, கைக்கு வந்தபடி மாட்டியிருக்கிறேன். வலது பக்கம் அதிர்ஷ்டத்தில் சரியாக அமைந்துவிட்டது. இடது பக்கம் தலைகீழ்; ஒரு ஸ்பீக்கர் சத்தத்தைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

செட்டை நிறுத்தினேன். இடது ஸ்பீக்கரின் கிளிப்பை அமுக்கி இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். அவரைப் பழையபடி மஞ்சள் டேப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பாட்டைப் போட்டேன். வாசலோர ஸ்டூலுக்கே வித்தியாசம் வந்து சேர்ந்தது. மிருதங்கத்துக்கு வயிறு வந்திருந்தது. குரல் எங்கெங்கோ அலையவில்லை, சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும் பக்கம் போய் நின்றுகொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பன்னிரண்டு மணி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாத்திரம் கழுவும்போது பாடினேன்.

நான்கு மணிக்கு அக்கா போன் செய்தாள். "எப்படிடீ இருக்காரு" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தவள் அவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு சமையலறையில் போய் நின்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலை விமானத்தில் நவநீதன் வந்தான். பையைக்கூட இறக்கி வைக்காமல் துணிமணி எடுத்து வைத்தாயிற்றா என்றான். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. எனக்குத் தூக்கம் இல்லாததால் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று பக்குவமாகச் சொன்னான். கோபம் வந்தது. செட்டை நிறுத்தி, அவனையே வயரை மறுபடி தலைகீழாக மாட்டச் சொன்னேன். அப்பா பார்க்காத மாதிரி கட்டிலுக்குப் பின்னால் போய் மாட்டினான். பாட்டைப் போட்டான். இரண்டு வரி.

"மாத்து."

நிறுத்தி, சரியாக மாட்டிப் போட்டான். பேச்சில்லை. மறுபடி தலைகீழ். "மாத்து", இந்த முறை எரிச்சலோடு. நவநீதன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்டான்.

"எங்கிட்ட ஏன் கேக்கறே கண்ணு? அவரு அங்கதானே உக்காந்திருக்காரு. அவருகிட்டக் கேளு."

கேட்டான். இல்லத்தைப் பற்றி முழுசாகச் சொல்லி, போகிறீர்களா என்று கேட்டான். அவர் தலையை ஆட்டவில்லை. இடது கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நவநீதன் வெளியே போய்ப் போன் செய்து படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். பகலுக்கு ஓர் ஆள் வைக்க வேண்டும், அது இல்லாமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். சரி என்றான்.

கதையில் இந்த இடத்தில் மனம் லேசாகும். எனக்குத் தோள்தான் வலித்தது. இன்னும் எத்தனை வருடம் என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

நவநீதன் பகல் ஆளைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பிவிட்டான். வீட்டில் நானும் அவரும்.

மின்சாரம் இல்லாத அன்று அக்காவிடம் பேசியதை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு இரண்டடி தூரத்தில் வைத்துச் சொன்னேன்: "அன்னிக்கே போயிருந்தா அவரும் மகராசனாப் போயிருப்பாரு, நானும் நாலு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன்." அது மட்டும் இல்லை. இவ்வளவு வருடம் என்னை ஒரு திருகைத் தொட விடாத மனிதருக்கு நான் எல்லாவற்றையும் தொட்டுக் கழுவ வேண்டியிருக்கிறதே என்று சொல்லிச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். மின்சாரம் இல்லாததால்தான் என்று அட்டவணை சொல்கிறது. வேறு காரணமும் இருந்ததோ என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

பத்து மணிக்குப் பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்டூலுக்குப் போகாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அக்காகிட்டப் பேசுனதெல்லாம் உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

பார்த்தார். விழுந்திருக்கிறது.

"சலிச்சுப்போய்ச் சொன்னேனுங்க. ஆனாப் பொய் சொல்லலை. அதுதான் என்னால தாங்க முடியலை."

அவர் வாய் கோணியது. தொண்டை ஏறி இறங்கியது.

"மாத்து."

வயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பாட்டா என்றேன். இல்லை. சட்டையா என்றேன். இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். பிறகு தன் நாற்காலிக்குக் கீழே, மஞ்சள் டேப்பைக் காட்டினார். பிறகு வாசலோர ஸ்டூலைக் காட்டினார். கை தளர்ந்து மடியில் விழுந்தது.

"மாத்து."

புரிய நேரம் ஆனது. பிரேக்கை எடுத்து, அவரைச் சமையலறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஸ்டூலைக் கொண்டுவந்து மஞ்சள் டேப்பின் மேல் போட்டேன். மாடியில் இருக்கிற பிரம்பு நாற்காலியை நவநீதன் வந்ததும் இறக்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தேன்.

காலண்டர் இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் எனக்காக மட்டும் பாடுவது போல் இருந்தது. பாடுகிறவரின் மூச்சு வாங்கல்கூடக் கேட்டது. இடது பக்கம் வயலின், வலது பக்கம் தம்புரா. இத்தனை வருடம் இதே ஹாலில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது பாட்டு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, பகல் பதினொரு மணிக்கு. விழித்தபோது செட் மௌனமாக இருந்தது. அவர் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னது: மாத்து, இரண்டு முறை. எதை: இடத்தை.